ஒன்றா, பலவா?

கேள்வி: ஜெல்லிமீனின் உறவான ஆழ்கடல் சைபனோபோரை ஓர் உயிர் என்பதா, உயிர்களின் கூட்டம் என்பதா?

பதில்: மூதாதையரைப் பார்த்தால் கூட்டம், பிழைப்பைப் பார்த்தால் ஓர் உயிர். நான் பிழைப்பின் பக்கம். கருவுற்ற ஒரே முட்டையில் தொடங்கி, மொட்டு மொட்டாக அரும்பி நீள்கிறது அந்த உடல். நீந்தும் அரும்புக்கு வாய் இல்லை. தின்னும் அரும்பு நீந்தாது. இனம் பெருக்க வேறு அரும்புகள். செரித்த உணவு பொதுத் தண்டின் குழி வழியே எல்லாவற்றுக்கும் போகிறது. 2020இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ ஆழ்கடல் பள்ளத்தாக்குகளில் ஃபால்கோர் ஆய்வுக் கப்பல் குழு படம்பிடித்த அபொலேமியா என்னும் சைபனோபோர்ச் சுருளின் வெளிவளையம் மட்டுமே சுமார் 47 மீட்டர் என மதிப்பிட்டார்கள். அவ்வளவு நீளமும் ஒரே தூண்டிலாக இரை தேடியது.

ஒவ்வோர் அரும்பும் தனிப் பாலிப் அல்லது தனி ஜெல்லிமீனின் அமைப்பில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். உண்மை, ஆனால் அமைப்பு சொல்வது மூதாதையரின் கதையை, இன்றைய வாழ்க்கையை அல்ல. தேனீயும் கூட்டை விட்டால் பிழைக்காதே என்றால், தேனீக்கள் தனித்தனி முட்டையில் பிறந்து தனித்தனி உடலோடு பறக்கின்றன. இங்கே உணவுக்குழியும் நரம்பும் ஒரே தொடர்ச்சி. எனவே தலையை எண்ணாதீர்கள், அதற்குத் தலையே கிடையாது. பசியை எண்ணுங்கள், ஒன்றுதான்.