கயிற்றியல்: வன்னிக் கயிறுகளின் குலம், குணம், குற்றம்

கயிறுகளை வகைப்படுத்த முனைந்த முன்னோர் மூன்று வழிகளில் சென்று மூன்றிலும் இடறினர்.

முதலாமவர் பொருள்வாதிகள். மரல் நார், ஆத்திப்பட்டை, பனைநார், தென்னந்தும்பு, தோல் எனச் செய்பொருளால் இனம் பிரித்தவர்கள். நைலோன் வரும்வரை இவர்களின் கோட்பாடு ஆட்டமின்றி நின்றது. அமெரிக்காவின் டுபொன்ற் கம்பனியில் வலஸ் கரோதர்ஸ் 1935இல் நைலோனை ஆக்கினார். காலப்போக்கில் வன்னிக் கடைகளில் பச்சையும் நீலமுமாய்த் தொங்கும் சகலதுக்கும் அதுவே பெயராயிற்று. அவற்றுள் பல நைலோன் அல்ல. ஐயமுள்ளவர் ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்க. நைலோன் தண்ணீரைவிடக் கனமானது, தாழும். மிதந்தால் அது பொலிப்புறொப்பிலீன் அல்லது பொலித்தீன் குலத்தது. இந்த உண்மையைக் கடைக்காரரிடம் எடுத்துரைத்தால், "உங்களுக்கு மாடு கட்டவோ, தண்ணியில விடவோ?" என்று கேட்பார். இக்கேள்வியை வாசகர் மறவாதிருக்க, பின்னே தேவைப்படும்.

இரண்டாமவர் எண்வாதிகள். ஒருபுரி, இருபுரி, முப்புரி என்று எண்ணிச் சென்ற இவர்களை வீழ்த்தியது பரசூட் கயிறு. பென்சிலிலும் மெல்லிய, ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள அந்தக் கயிற்றுக்கு வெளியே பின்னிய சட்டை, உள்ளே 7 முதல் 9 வரை நூல்கள், ஒவ்வொரு நூலுக்குள்ளும் மேலும் இழைகள். எண்ணி முடிக்குமுன் மாடு வெளிக்கிட்டுவிடும்.

மூன்றாமவர் நிறவாதிகள். ஒரு மாரியும் ஒரு கோடையும் கண்ட கயிறுகள் எல்லாம் ஒரே நிறம் என்பதால் இவர்களுக்கு மறுப்புரை வேண்டா.

சரியான நெறியைக் கடைக்காரரே சொல்லிவிட்டார். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ "கயிறு தாங்கோ" என்றால், பொருளையும் புரியையும் எவரும் கேட்பதில்லை. "என்னத்தைக் கட்ட?" என்பதே முதற் கேள்வி. அதன் உட்பொருள், அறுந்தால் எது போகும் என்பது. ஆகவே இந்நூல் கயிறுகளை அறுந்தால் நேரும் இழப்பைக்கொண்டே வகுக்கிறது. அவ்வாறு வகுத்தால் கயிற்றுலகம் முழுவதும் கட்டுகயிறு, விடுகயிறு என இரண்டே பேரினங்களில் அடங்கும்.

கட்டுகயிற்றுள் மூத்த குடும்பம், அறுந்தால் மாடு போவது. நாணயக்கயிறும் கன்று கட்டும் தும்பும் இதன் உறுப்பினர்கள். மாடு போவது மட்டுமானால் இழப்புச் சிறிது. அது பக்கத்து வயலுக்குப் போவதுதான் இக்குடும்பத்தின் சிறப்பிலக்கணம். அங்கே கயிற்றியல் முடிந்து வழக்கியல் தொடங்கும். இக்குடும்பத்தில் அருகிப்போன பேருருவம் ஒன்று உண்டு. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில், வடக்கிலும் வடகிழக்கிலும் வாழ்ந்த யானை பிடிக்கும் பணிக்கர்களைப் பற்றி எழுதுகிறார். வேறு துணையின்றி இரண்டே பேர், கையில் மரைத்தோலோ எருமைத்தோலோ முறுக்கிய ஒரு கயிறு, யானையின் பின்கால் ஒன்று: அவ்வளவுதான் ஏற்பாடு. வன்னியின் வேலப்பணிக்கன் ஒப்பாரியும் இக்குலத்தின் கதையே. அதில் யானையைக் கட்டியவள் அரியாத்தை என்ற பெண். அந்தக் கயிறு அறுந்தால் போவது யானையா, பிடிக்கப் போனவரா என்பதில் கருத்து வேறுபாடு எழ இடமில்லை.

அடுத்தது அறுந்தால் ஆள் விழுவது. பனையேறுபவர் காலில் பூட்டும் தளைநார் இவ்வினம். ஆய்வு மனப்பான்மையோடு அணுகவே கூடாத இனமும் இதுதான்.

அறுந்தால் கடல் கொண்டுபோவது என்பது முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்க் கரைகளின் கரைவலைக் கயிறு. முன்பு அம்பாப் பாட்டுக்கு இழுபட்டது, பின்னர் உழவு இயந்திரத்துக்கும் இழுபட்டுச் சர்ச்சைக்குள்ளானது. கடலறிந்தவர்கள் அதனைத் தனிநூலாகச் செய்வார்களாக.

அறுந்தால் வீடு போவது என்ற குடும்பத்தை வெளியூர் அறிஞர்கள் ஏற்கத் தயங்குவர். வீட்டைக் கயிற்றால் கட்டுவார்களா என்பர். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தவர்களைக் கேட்க. தறப்பாள் ஆர் தந்தாலும் ஒன்றுதான். காற்று வரும்போது வீடு என்பது அதன் நாலு மூலைக் கயிறே. அதற்கு முன்னைய இடப்பெயர்வுகளில் சைக்கிள் கரியரில் ரியூப் வாரால் கட்டிப்போன மூட்டையும் வீடுதான். வாரைக் கயிறென்று சொல்லலாமா என்ற இலக்கண வினா அந்த வீதிகளில் எழவில்லை.

எஞ்சியது கொடிக்கயிறு. அறுந்தால் தோய்த்த சீலை புழுதியில் விழும், அவ்வளவே. இதனைத் தனிக் குடும்பமாகக் கொள்வது பிழை. மாடு கட்டி நைந்தது கொடியாகும், கொடியில் இற்றது வேலிக் கட்டாகும். ஓய்வூதியம் பெறும் கயிறு என்று இதனை வகுப்பதே தகும்.

இனி விடுகயிறு. கட்டுகயிற்றுக்கு எது குற்றமோ அதுவே இதற்குக் குணம்: கையிலிருந்து ஒரு முனை போகவேண்டும். போகாவிட்டால் கல் எறிந்தவரிடமே திரும்பும். இதன் உண்மையான உறுப்பினர் ஒன்றே, கவண். கெற்றப்போல் இங்கே சேராது. கவர்த்தடியும் சைக்கிள் ரியூப்பும் சப்பாத்து நாக்கும் சேர்ந்து பிறந்த அக்கருவி, றப்பரைப் பதப்படுத்தும் முறைக்குச் சார்ள்ஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றதன் பின்னரே பிறந்திருக்க முடியும். தமிழ்க் கவணுக்கு வயது அதனிலும் மிகமிகக் கூட. கலித்தொகையின் 41ஆம் பாட்டில், நள்ளிரவு மழையில் யானையின் காலடி கேட்ட கானவன் பரணேறிக் கவண்கல்லை விடுகிறான். அக்கல் வேங்கைப் பூவைச் சிதறி, ஆசினிப் பழத்தை உதிர்த்து, தேன்கூட்டைத் துளைத்து, மாங்குலையைக் கலக்கி, வாழைமடலைக் கிழித்து, கடைசியில் ஒரு பலாப்பழத்துக்குள் தங்கிவிடுகிறது. எறிபொருளியலில் இத்துணை விரிவான அறிக்கை வேறெங்கும் கண்டிலேன். யானைக்குப் பட்டதாக மட்டும் அதில் ஒரு சொல்லும் இல்லை.

இது புலவரின் மறதி அன்று. காவற்கவண் பட வேண்டியதில்லை, வெருட்டினால் போதும். கவணின் விடுமுனையில் நாலு விரல் நீளத்துக்கு இழைகளைப் பிரித்துக் குஞ்சமாக விட்டால், விடும்போது சவுக்குப்போல வெடிக்கும். கிளி அந்தச் சத்தத்துக்கே எழும்பும். மயில் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். குரங்கு மூன்றாம் நாளில் இலக்கணம் கற்றுவிடும். அரசாங்கமே 2025 மார்ச் 15 காலை 8 மணி முதல் 8.05 வரை நாடெங்கும் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னது. அந்த 5 நிமிடமும் அவற்றைக் கலைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதே தோட்டக்காரருக்கு விதிக்கப்பட்ட கடினமான பணி.

கவண் செய்யும் முறை வருமாறு. முறுக்கிய கயிறு ஆகாது. முறுக்கில் புரிகள் ஒரு திசையிலும் கயிறு எதிர்த்திசையிலும் திரிவதால் அவை ஒன்றையொன்று பிடித்து நிற்கும். பாரம் ஏறினால் முறுக்கு இளகப் பார்க்கும், கவண் சுழலும், ஏந்தியிலுள்ள கல் நழுவும். பின்னலில் இடமும் வலமும் சரிசமனாதலால் திரும்பாது. தலை பின்னத் தெரிந்த எவருக்கும் மூன்றிழைப் பின்னலைக் கற்பிக்க வேண்டியதில்லை. பனைநாரிலும் தும்பிலும் பின்னலாம்; தும்பு விரலைத் தின்னும்.

பரசூட் கயிறு அகப்பட்டால் நன்று. அதன் பெயர் வன்னிக்குப் புதிதல்ல. 1987 யூன் 4இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளைப் பரசூட்டில் போட்டன. பின்னைய போர்க்கால இரவுகளில் பரா லைட் எனும் வெளிச்சக்குண்டு வானத்தில் தொங்கி எரிந்ததும் சின்னஞ்சிறு பரசூட்டில்தான். கடைச்சரக்கில் 550 என்ற எண் இருக்கும். 550 இறாத்தல், அதாவது சுமார் 250 கிலோ தாங்கும் என்பது பொருள். கல்லின் நிறை 100 கிராம் இருந்தாலே அதிகம், ஆகவே இப்பலம் வீண்தான் எனினும், செய்பவருக்கு ஒரு பெருமை.

2 மீற்றர் துண்டுகள் மூன்று எடுக்க. ஒரு நுனியில் நடுவிரல் நுழையும் வளையம். அதிலிருந்து ஒவ்வோர் இழையிலும் முக்கால் மீற்றர் தீருமளவுக்குப் பின்னுக. பின் இழைகளை அகற்றி, இன்னொரு துண்டால் பாய் இழைப்பதுபோல் குறுக்கே ஓட்டி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஏந்தி நெய்க. நடுவில் ஒரு பிளவு விட்டால் கல்லைக் கவ்வும். மறுபடி அதே அளவு பின்னல். குஞ்சத்துக்கு முன்னால் ஒரு முடிச்சு. வெட்டுமுனைகளை நெருப்பில் காட்டினால் உருகி ஒட்டும். உருகியதை விரலால் அழுத்துபவர் ஒருமுறைதான் அழுத்துவார். சட்டை நழுவி உள்நூல் எட்டிப் பார்க்காதபடி முதலிலேயே இழுத்துவிடுக.

நீளத்தால் இனம் பிரித்தவர்களும் உளர். மத்தியதரைக் கடலின் பலெயாரிக் தீவுக் கவண்வீரர் தூரத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என மூன்று வைத்திருந்தனர். ஒன்று தலையில், ஒன்று இடுப்பில், ஒன்று கையில். வன்னியில் தலைக்குத் துவாயும் இடுப்புக்குச் சாறமும் இருப்பதால் ஒன்றே கொள்ளப்படும்.

புதிதாய் வீசுபவரின் கல் செல்லும் திசை ஐந்து: பின், மேல், இடம், வலம், கடைசியாக முன். எனவே பார்வையாளருக்குப் பாதுகாப்பான இடம் எதுவுமில்லை, வெறும் வயல்வெளியே பயிற்சிக்களம். கல் கிடைப்பதும் அரிதாகிவருகிறது. கிரவல் ஒழுங்கைகள் காப்பற் வீதிகளானபின் கவண்கலைக்கு நேர்ந்த நட்டத்தை எந்த அபிவிருத்தி அறிக்கையும் கணக்கில் எடுக்கவில்லை.

புறனடை ஒன்று. ரொறன்ரோவிலிருந்து லீவுக்கு வரும் மருமக்கள் சிலர் கையில் பரசூட் கயிற்றுக் காப்பு அணிந்து வருகின்றனர். அது எதையும் கட்டுவதில்லை, எதையும் விடுவதுமில்லை. அறுந்தால் போவதும் ஏதுமில்லை. இருபேரினத்துக்கும் வெளியே ஒரு கயிறு நிற்பதை இந்நூல் பொறுக்காது. ஆகையால், "தம்பி, அதை ஒருக்கால் கழட்டித் தாங்கோ" என்று வாங்கி அவிழ்த்து அளந்தால், ஏறத்தாழ 3 மீற்றர் வரும். கவணுக்குக் காணாது. கன்று கட்டக் காணும்.