வீட்டைக் கட்டி இழுத்துப் பார்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த பெரியவர்கள் அமெரிக்க நெடுஞ்சாலையைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், கட்டிய வீட்டை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள். டெக்சஸில் குடியிருக்கும் பாவத்துக்கு நான் மூன்றையும் செய்து முடித்துவிட்டேன். ஃபிஃப்த் வீல் டிரெய்லர் என்கிற அந்தச் சக்கர வீட்டை வாங்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்களுக்காக இந்த யோசனைகள். மற்றவர்கள் தாராளமாகப் பக்கத்தைப் புரட்டலாம், நிம்மதியாக இருப்பீர்கள்.

முதலில் பெயர். ஐந்தாவது சக்கரம் எங்கே என்று குனிந்து தேடாதீர்கள். நான் தேடியிருக்கிறேன், முதுகுதான் பிடித்துக்கொண்டது. குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்கு வசதியாக அதன்மேல் ஒரு வளையத்தைப் படுக்கவைத்தார்கள். நாலு சக்கர வண்டியில் அது ஐந்தாவது. இன்று அந்த இடத்தில், பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்குள், பின் அச்சுக்கு மேலாக ஒரு கனத்த இரும்புத் தட்டு உட்கார்ந்திருக்கிறது. டிரெய்லரின் மூக்குக்கு அடியில் தொங்கும் இரண்டு அங்குல கிங்பின் அதன் தாடைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். மற்ற டிரெய்லர்கள் டிரக்கின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். இது முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு வரும். அதனால் காற்றடித்தாலும் அவ்வளவாக ஆடாது. விமானம் கட்டிப் பேர் வாங்கிய கிளென் கர்ட்டிஸ், 1920களில் ஏரோகார் என்ற பெயரில் இந்த ஜாதி வண்டி ஒன்றைச் செய்தார். வானத்தில் பறந்தவருக்கே இந்த ஆசை விடவில்லை.

வாங்கும் முறை இது: டிரெய்லரை முதலில் வாங்குங்கள், டிரக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். செலவை இரட்டிப்பாக்க இதைவிட நல்ல வழி கிடையாது. கடைக்குக் குடும்பத்தோடு போவது உத்தமம். உள்ளே சாய்வு நாற்காலி, கணப்படுப்பு, நடுவே சமையல் மேடை. விற்பனையாளர் பொத்தானை அழுத்துவார். ஒரு பக்கச் சுவரே சோபாவோடு வெளியே நகரும், ஹால் அகலமாகும். "என்னங்க, நம்ம அடையாறு ஃப்ளாட்டைவிடப் பெருசா இருக்கு" என்று வீட்டம்மா தமிழில் சொல்வாள். விற்பனையாளருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்த முகம் தெரியும். பேரம் அங்கேயே முடிந்தது. உங்கள் டிரக் இதை அனாயாசமாக இழுக்கும் என்று வேறு சொல்வார். உங்கள் டிரக்கை அவர் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

இந்த வியாபாரத்தில் பொய் சொல்லாத ஆசாமி ஒருவர்தான். டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அதில் அச்சடித்திருக்கும். விளம்பரத்தில் வருவது இழுக்கும் சக்தி. தாளில் இருப்பது சுமக்கும் சக்தி. ஃபிஃப்த் வீலுக்கு இரண்டாவதுதான் முதலில் தீர்ந்துபோகும். என் கணக்கைக் கேளுங்கள். சாமானோடு டிரெய்லர் 14,000 பவுண்டு. அதில் ஐந்தில் ஒரு பங்கு கிங்பின் வழியாக டிரக்கின் முதுகில் இறங்கும், அது 2,800. இரும்புத் தட்டு 200. நாங்கள் நாலு பேர், இட்லி சாப்பிடுவதற்கு முன்னால், 550. ஆக 3,550. தாள் அனுமதித்தது 2,300. பணம் கட்டி, கையெழுத்தும் போட்ட மறுநாள் காலையில்தான் இந்தக் கூட்டலைப் போட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முன்னாடியே போட்டுவிட்டால் டிரெய்லர் வாங்க மனம் வராது.

விவரப் புத்தகத்தில் 'வெற்று எடை' என்று ஒன்று இருக்கும். தண்ணீர், மளிகை, பாத்திரம், மனிதர் எதுவும் ஏறாத எடை, அதாவது அந்த வீட்டில் யாரும் வாழாதபோது அது எவ்வளவு கனம் என்று. அறுபது காலன் தண்ணீர் மட்டுமே 500 பவுண்டு. 1954இல் வந்த 'தி லாங், லாங் டிரெய்லர்' படத்தில் லூசில் பால் போகிற ஊரிலெல்லாம் பாறாங்கல் பொறுக்கி டிரெய்லரில் ஒளித்துவைப்பார். மலையேறும்போது வினை வரும். எங்கள் வீட்டில் கல் பொறுக்க வேண்டிய அவசியம் இல்லை, கிரைண்டருக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுத்துப்போவது பற்றி எங்கள் வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையில் தோற்றவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகென்ன, பின்னால் நாலு டயர் போட்ட ஒரு டன் டிரக்காக மாற்றினோம். டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டினால் டெக்சஸில் கிளாஸ் ஏ லைசென்ஸ் வேண்டும். ஐம்பது வயதில் பரீட்சைக்குப் படிப்பது ஞாபக சக்திக்கு நல்லதாம்.

இணைப்பது எளிது. பின்கதவை இறக்கி, டிரக்கைப் பின்னால் விட்டு, 'டக்' என்று சத்தம் கேட்டால் பூட்டியாயிற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கிங்பின் தாடைக்குள் போகாமல் தட்டின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. டிரெய்லரைத் தாங்கி நின்ற முட்டுக்கால்களைத் தூக்கிவிட்டு ஜம்மென்று கிளம்பினேன். டிரக் போயிற்று, வீடு வரவில்லை. மூக்கு அப்படியே சரிந்து தொட்டியின் இரண்டு பக்கச் சுவர் மேலேயும் இறங்கியது. புது டிரக், வாங்கிப் பதினொரு நாள். முட்டுக்காலைத் தூக்குவதற்கு முன் டிரெய்லர் பிரேக்கை அழுத்திக்கொண்டு டிரக்கை லேசாக முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும், பூட்டியிருந்தால் அசையாது. டார்ச் அடித்துத் தாடையைக் கண்ணாலும் பார்க்க வேண்டும். பத்து விநாடி வேலை. அந்தப் பள்ளங்களை இன்னும் தட்டி எடுக்கவில்லை. ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

சாலையில் உங்களுக்கு உயரம் என்று ஒன்று உண்டு. எங்களுடையது 13 அடி 2 அங்குலம். கைபேசி வரைபடத்துக்கு உங்கள் முதுகில் வீடு இருப்பது தெரியாது. குறுக்குவழி என்று ஆசையாய்க் கூப்பிடும். வட கரோலினாவின் டர்ஹாமில் 11 அடி 8 அங்குல உயரத்தில் ஒரு ரயில் பாலம் இருந்தது. லாரிக் கூரைகளைச் சீவிச் சீவி அதற்கு டப்பாத் திறப்பான் என்றே பேராகிவிட்டது. 2019இல் எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். இப்போது 12 அடி 4 அங்குலம். கழித்துப் பாருங்கள்: எனக்கு இன்னும் பத்து அங்குலம் சீவ பாக்கி இருக்கிறது, முதலில் போவது கூரைமேல் இருக்கும் ஏசி. வளைவில் திரும்பும்போது டிரெய்லர் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் பங்க்கில் தெரிந்துகொள்வது செலவு.

இனி ரிவர்ஸ். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கை அந்தப் பக்கம் போகட்டும். இவ்வளவுதான் சூத்திரம். இதை மறக்கச் செய்வதற்காகவே வாழ்க்கைத்துணை பின்னால் நிற்கிறார். நம் ஊர் லாரிக் கிளீனர் பையன் பலகையில் இரண்டு தட்டு தட்டி "வரலாம், வரலாம், ஹோல்டான்" என்றால் நாற்பது டன் நின்றுவிடும். இங்கே நடப்பது வேறு.

"வாங்க, வாங்க… லெஃப்ட்ல வாங்க."

"என் லெஃப்ட்டா, உன் லெஃப்ட்டா?"

"நான் பாக்கற லெஃப்ட்டுங்க! ஐயோ, மரம்!"

மரம் எங்கே என்று அவள் சொல்வதற்கும் மரமே சொல்லிவிடுவதற்கும் நடுவில் அரை விநாடிதான் இருக்கும். கேம்ப்கிரவுண்டில் பக்கத்து இடத்துக்காரர்கள் அதற்குள் மடக்கு நாற்காலியை விரித்திருப்பார்கள். சிலர் கையில் பீர். யாரும் சிரிக்க மாட்டார்கள், அதுதான் வலிக்கும். ஒரே ஒரு நிஜமான யோசனை: கண்ணாடியில் பின்னால் நிற்பவர் முகம் தெரியவில்லையா, வண்டியை நிறுத்துங்கள்.

டயரைப் பற்றி நிறைய எழுதலாம். பார்க்கப் புதிதாக இருந்தாலும் வயதானால் வெடிக்கும் என்பதோடு விடுகிறேன். மின்சாரம்: கேம்ப்கிரவுண்டின் முப்பது ஆம்பியர் கம்பத்தில் ஏசி, மைக்ரோவேவ், கிரைண்டர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மூன்றும் சேர்ந்து ஓய்வெடுக்கும்.

கடைசியாக, யாரும் விளம்பரத்தில் காட்டாத கறுப்புத் தொட்டி. கழிவறைக்குக் கீழே இருப்பது அது. குளியல், பாத்திரத் தண்ணீருக்குச் சாம்பல் தொட்டி தனி. கேம்ப்கிரவுண்டில் சாக்கடைக் குழாய் இருக்கிறதே, கறுப்புத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிட்டால் தானாக ஓடிவிடும் என்று ஒரு புத்திசாலித்தனம் தோன்றும். தண்ணீர் ஓடிவிடும். மற்றது நின்றுவிடும். ஒரு வாரத்தில் உள்ளே புற்று எழும்பி, காய்ந்து, இறுகி, பாம்பு ஒன்றுதான் பாக்கி என்கிற நிலையில் இருக்கும். மூடியே வையுங்கள், நிறையத் தண்ணீர் விடுங்கள், நிறைந்த பின் திறந்துவிடுங்கள். முதலில் கறுப்பு, பிறகு சாம்பல். அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை இரண்டு ஜோடி. குழாய் முனையை யாராவது அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று என் பையனிடம் சொன்னேன். அவன் அமெரிக்காவில் பிறந்தவன், உரிமைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். நானே பிடித்தேன்.

அன்று சாயங்காலம் கையை மூன்றாம் தடவை கழுவிக்கொண்டிருந்தபோது, எதிர் வரிசையில் புதுப்பொலிவோடு ஒரு ஃபிஃப்த் வீல் வந்து நின்றது. எண் பலகைக்குப் பதில் கடைக்காரர் ஒட்டிய காகிதம். ஓட்டி வந்தவர் ஸ்டியரிங்கின் உச்சியைப் பிடித்திருந்தார். பின்னால் அவர் மனைவி, கண்ணாடியில் தெரியாத இடமாகப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, சீக்கிரம் வாங்க" என்று உள்ளேயிருந்து காபி டம்ளரோடு வந்தாள் என் மனைவி. இன்னொரு கையில் மடக்கு நாற்காலி இரண்டு.