தூக்கிய வண்டியில் தளை தட்டுதல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளில் எட்டாவது 'தூக்கு'. பெட்டாலிங் ஜெயா ஒர்க்‌ஷாப்களில் பிக்கப் வண்டியின் சஸ்பென்ஷனை இரண்டு அங்குலம் உயர்த்துவதற்கும் தூக்குவது என்றே பெயர். இரண்டும் ஒன்றே என்றும், டொயோட்டா ஹைலக்ஸ் 1968இல் ஜப்பானில் பிறப்பதற்கு முன்பே அதைத் தூக்கும் கலையைத் தமிழன் அறிந்திருந்தான் என்றும் நிறுவ ஆள் இருக்கிறது. எத்தனை ஆண்டுகளுக்கு முன்பு என்பதை அவர் மேடை ஏறிய பின் கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்வார். அந்தப் பெருமை அவருக்கே ஆகுக. இக்கட்டுரை நிறுவ வருவது சிறிய விஷயம்: தூக்கிய வண்டியின் டயர் சீக்கிரம் தேய்ந்தால் முதலில் சாலையைத் திட்டக்கூடாது, யாப்பைப் பார்க்க வேண்டும்.

முதலில் முன்னாய்வுகள். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியபோது ஹைலக்ஸ் பிறக்க இன்னும் இரண்டாண்டு இருந்தது. ஆகவே அதன் மௌனத்தை மன்னிக்கலாம். 1987இல் ஆறாவது மாநாடு அதே நகரில் கூடியபோது அந்தச் சாக்கு செல்லாது. மலேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதே 1987ஐச் சேர்ந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதற்குச் சான்று இல்லை. இல்லை என்பதற்கும் இல்லை. நம் துறையில் இது போதுமான சான்று.

இனி யாப்பு. ஹைலக்ஸின் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என்ற இரு கைகள் பிடித்திருக்கின்றன. காயில் ஸ்பிரிங் தலைமேல் ஸ்பேசரைச் செருகினால் சேசி மேலே போகும், கைகள் கீழே சாயும். இரு கைகளும் ஒரே நீளமில்லை; ஆகவே ஒன்று ஒரு வட்டத்திலும் மற்றது வேறொரு வட்டத்திலும் சுற்றி இறங்கும். ஸ்டீயரிங்கிலிருந்து வரும் டை ராட் மூன்றாவது வட்டம் போடும். வெண்பாவில் ஒரு சீருக்குள் ஓர் அசையைத் திணித்தால் அந்தச் சீர் மட்டுமா கெடும்? முன்னும் பின்னும் தளை தட்டும். வண்டியிலும் அதேதான். பின்சக்கரங்கள் பட்டை ஸ்பிரிங்கில் கட்டிய ஒற்றை அச்சு. திருகித் திருத்த அங்கே எதுவும் இல்லாததால் ஆய்வாளர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

தட்டும் தளை மூவகைப்படும். கேம்பர் என்பது சக்கரத்தின் சாய்வு. டயரின் ஒரு தோள் மட்டும் தேயும். காஸ்டர் என்பது சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு. அது டயரைத் தின்னாது, ஓட்டுநரைத் தின்னும்: தூக்கினால் இந்தக் கோணம் குறைந்து, கூட்டரசு நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராமல் அலையும். ஹெட்லைட் மேல்நோக்கிப் போய் எதிரே வருபவர் கண்ணைக் குத்துவது தனி ஆய்வுக்குரியது.

மூன்றாவதான டோ, அதாவது இரு முன்சக்கரங்களும் மூக்கை உள்ளேயோ வெளியேயோ திருப்பி நிற்பது, டயரிலேயே எழுதப்படுகிறது. அதைப் படிக்கக் கண் வேண்டாம், உள்ளங்கை போதும். ரப்பர் கட்டைகளின் மேல் குறுக்கே தடவினால் ஒரு திசையில் வழுக்கும். எதிர்த்திசையில் அரம் போலக் கீறும். கூர்முனை உள்நோக்கி நின்றால் டோ-இன், வெளிநோக்கினால் டோ-அவுட் (முன் இடது டயர், உள்ளோரம், 3ஆம் கட்டை). இதே பாடம் வலப்பக்கப் பிரதியிலும் காணப்படுகிறது (முன் வலது டயர், உள்ளோரம், 3 முதல் 7 வரையான கட்டைகள், 5ஆம் கட்டை ஆணியால் சிதைந்தது). மூலபாடம் எதுவென்று ஐயமுறுவோர் எவரும் புரட்டாத முதற்படியை ஒப்பிடுக (ஸ்பேர் டயர், வண்டியின் அடிவயிறு, சங்கிலியில் தொங்குவது, சேறு படிந்த பிரதி, காற்று இல்லை, ஆயினும் பாடம் தூயது). டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட்டவர்கள் ஏட்டுக்கட்டைக் கலைத்துக் கட்டிய பாவத்துக்கு ஆளானவர்கள். அவர்களால் எந்தத் தேய்மானம் எந்தச் சக்கரத்தில் பிறந்தது என்பதே தீராத சர்ச்சையாகிவிட்டது. சங்க நூல்களுக்கு வாய்க்காத ஒரு வசதியும் இந்த ஏட்டுக்கு உண்டு. பக்கச் சுவரில் 2319 என்று இருந்தால் அது 2019இன் 23ஆம் வாரத்தில் செய்தது. காலக்கணிப்பிலேயே காலம் தள்ளும் அறிஞர்கள் இத்துறையை எட்டிப்பார்க்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதற்கு இரு மறுப்புகள் எழும். தேய்மானத்துக்குக் காரணம் சாலைக்குழி, ஸ்பேசர் அல்ல என்பது ஒன்று. குழி பொதுவாக ஒரு சக்கரத்தைத்தான் அடிக்கும்; அடித்து டை ராட் வளைந்தால் நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். ஸ்பேசரோ இரு பக்கத்தையும் ஒரே அளவில் கெடுக்கும். "ஸ்டீயரிங் நேராகத்தானே நிற்கிறது, வண்டி நேராகத்தானே போகிறது" என்று உரிமையாளர் சொல்வது உண்மை. ஆனால் அது அவருக்கு எதிரான சான்று. இரு சக்கரங்களும் சம பலத்தோடு ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பதால்தான் வண்டி நேராகப் போகிறது. போகும் வழியெல்லாம் இரண்டும் தேய்கின்றன. ஆய்வரங்கில் இரு கட்சிகள் நடத்தும் விவாதத்தைக் கேட்டவர்களுக்கு இந்த இயக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

அலைன்மென்ட் செய்தால் தீர்ந்தது என்பது மற்றொரு மறுப்பு. பாதி உண்மை. டோவை மட்டும் திருகி அனுப்புவது கடைசிச் சீரை மட்டும் திருத்துவது போன்றது. கேம்பரையும் காஸ்டரையும் முதலில் திருத்த வேண்டும், ஏனென்றால் அவற்றைத் தொட்டால் டோ மறுபடி ஓடிவிடும். அவற்றுக்கான போல்ட் கீழ் ஆர்மில் இருக்கிறது; மையம் விலகிய அந்தப் போல்ட்டைக் கொஞ்ச தூரம்தான் திருப்ப முடியும். தூக்கிய உயரம் அந்த எல்லையைத் தாண்டினால் வேறு மேல் ஆர்ம் வாங்க வேண்டும். அந்தச் செலவைக் கேட்டதும் பெரும்பாலோர் உரையை அத்துடன் முடித்துக்கொள்கிறார்கள். இயந்திரம் அச்சிட்டுத் தரும் தாளில் டோ பச்சையாகவும் காஸ்டர் சிவப்பாகவும் நிற்கும். போர்மேன் அதை நான்காக மடித்துக் கொடுப்பார். டேஷ்போர்டு பெட்டிக்குள் ரோட் டேக்ஸ் கவருக்கு அடியில் கிடக்கும் அந்தச் சுவடியைப் பதிப்பிக்க இதுவரை எவரும் முன்வரவில்லை.