ரெண்டு சிம் மாமா

கேரள-தமிழ்நாடு எல்லையில், வேலந்தாவளத்திலிருந்து குமுளி வரைக்கும் எந்த ஊரில் இறங்கினாலும் இவரைப் பார்க்கலாம். ஊருக்கு ஊர் பெயர் மாறும், ஆள் ஒருவர்தான். கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருப்பார். பூப்பாறையில் ஏலத்தோட்டத்துக் கங்காணியாக இருந்து ஓய்ந்திருப்பார். குமுளியில் மிளகு, கிராம்பு விற்பார். சட்டைப்பையில் ஒரு போன், போனுக்குள் ஒரு கேரள சிம், ஒரு தமிழ்நாட்டு சிம். அதுதான் அடையாளம்.

ரோமிங் கட்டணம் இருந்த காலத்துப் பழக்கம் இது. போன் கம்பெனிக் கணக்கில் கேரளம் ஒரு வட்டம், தமிழ்நாடு வேறு வட்டம். எல்லையில் இருப்பவனுக்கோ திண்ணையில் உட்கார்ந்தால் ஒரு மாநிலத்து டவர், கொல்லைப்பக்கம் போனால் இன்னொரு மாநிலத்து டவர். சொம்பைத் தூக்கிக்கொண்டு போகிற மனுசனைக் கேரளத்துக்கு நல்வரவு என்று சொல்லிக் காசு பிடித்தார்கள். இப்போது ரோமிங் தொல்லை ஒழிந்துவிட்டது, சிம் ஒழியவில்லை. “இருந்துட்டுப் போகட்டும்ப்பா, எதுக்கும் ஆகும்” என்பார் மாமா.

ஆகத்தான் செய்கிறது. ரெண்டு சிம்முக்கு ரெண்டு வாட்ஸ்அப், ரெண்டு வாட்ஸ்அப்புக்கு ரெண்டு அபிப்பிராயம். 1895-ல் கட்டிய முல்லைப் பெரியாறு அணை கேரள நம்பரில் நாளைக்கே உடைந்துவிடும். தேனி நம்பரில் இன்னும் இருநூறு வருசத்துக்கு அசையாது. நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று 2014-ல் உச்சநீதிமன்றம் சொன்ன அன்று, ஒரு பக்கம் அழுகிற பொம்மையும் மறுபக்கம் பட்டாசும் அனுப்பியவர் இவர். இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். 2011 டிசம்பரில் அணை விவகாரத்தில் எல்லை கொதித்தபோது, வாய் நீண்டால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவர். அபிப்பிராயத்தை ஆள் பார்த்து எடுத்து வைப்பது அங்கே படித்த பாடம்.

ஃபார்வர்டு செய்வதில்தான் அந்த நிதானம் கிடையாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது அணை உடைந்துவிட்டதாக ஒரு குரல்பதிவு பரவி, அது பொய் என்று போலீஸ் வழக்கே போட்டது. மாமா அதை ரெண்டு சிம்மிலும் அனுப்பிவிட்டு, அணை உடைந்தால் தன் வீடு என்ன ஆகும் என்பதையே மறந்து படுத்துத் தூங்கினார். அதே வருசம்தான் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. மாமா அசரவில்லை. ஐந்தைந்தாக அனுப்பினார்.

இப்படிப்பட்டவருக்குத் தன் அந்தரங்கம் மட்டும் உயிர். டிபியில் சொந்த முகம் வைக்க மாட்டார்; பழனி முருகன், இல்லாவிட்டால் ரோஜாப்பூ. கடைசியாக எப்போது பார்த்தார் என்பது யாருக்கும் தெரியாது. நீலக் குறியும் விழாது, பேரனைப் பிடித்து அதை நிறுத்தி வைத்திருக்கிறார். இத்தனை காவலும் எந்தத் திருடனுக்காக என்கிறீர்கள்? சின்ன மச்சானுக்காக! “பாத்துட்டும் பதில் போடலைன்னு பஞ்சாயத்து வைக்கிறான்ப்பா.”

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், இடையில் ஒற்றைச் சுவர். இந்த வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். சம்பளத் தேதியில் போடுகிற சண்டை கடைசி வீடு வரை கேட்கும். அங்கே ரகசியம் என்பது பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்து காப்பாற்ற வேண்டிய சமாச்சாரம். முகம் தெரியாதவனைப் பற்றி மாமாவுக்குக் கவலையே இல்லை. “எங்கயோ இருக்கவனுக்கு நம்ம கதை தெரிஞ்சா என்ன? நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கா வரப்போறான்?” அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பில் மச்சானைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதால் மாமாவுக்கு அதில் அக்கறை இல்லை.

அரசு இ-சேவை மையமான அக்‌ஷயா சென்டரில் அவரைப் பார்க்க வேண்டும். ஏதோ சான்றிதழுக்காக வந்திருக்கிறார். ஆதார் நகல் ரெண்டைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு, மிச்சம் நாலைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டார். உள்ளே இருந்து சேச்சி, “ஓடிபி வந்நோ?” என்கிறார். மாமா போனைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, மணியக்காரர் ஏலம் விடுகிற குரலில் ஆரம்பிக்கிறார்: “நாலு... ஏழு... சைபர்...” பின்னால் நிற்பவர் எட்டிப் பார்த்து, “சைபர் இல்லண்ணே, எட்டு” என்று திருத்துகிறார். வரிசை முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சின்ன மச்சான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். மாமா சட்டென்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். சீட்டு எடுத்த மெசேஜ் மேலே இருக்கிறதே!

சிரிக்கலாம்தான். ஆனால் அந்த ஓடிபியோடு வருகிற எச்சரிக்கை இங்கிலீஷில் இருக்கும், சில நேரம் மலையாளத்தில் இருக்கும். மாமா மலையாளம் தண்ணியாகப் பேசுவார். படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம், மலையாள எழுத்து ஓடாது. ஆகவே டீக்கடையில் ஒரு பையனிடமோ ஜீப் டிரைவரிடமோ போனை நீட்டுவார். யாரிடமும் காட்டாதே என்று எழுதியிருப்பதை யாரிடமாவது காட்டித்தான் அவர் தெரிந்துகொள்ள முடியும்.

மொழி தெரியாதது ஒரு தடவை அவரைக் காப்பாற்றியும் இருக்கிறது. போலீஸ் தொப்பியோடு ஒரு மோசடிக்காரன் வீடியோ காலில் வந்து டிஜிட்டல் அரெஸ்ட் என்று இந்தியில் மிரட்டினான். மாமாவுக்கு ஒரு சொல் புரியவில்லை. “தம்பி, ராங் நம்பர்” என்று வைத்துவிட்டார். இந்திக்காரன் தமிழ் படிக்கும்வரை பயமில்லை என்று இருந்தார். இப்போது தமிழிலேயே கூப்பிடுகிறார்கள்.

2025 ஆகஸ்ட் 21-ல் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நூறு வயது கடந்தவரும் கற்றுக்கொண்டார். பெரிய காரியம், சந்தேகமில்லை. மாமாவைக் கேட்டால், தனக்கு எப்போதோ எல்லாம் தெரியும் என்பார்; குட் மார்னிங் அனுப்பத் தெரிகிறதே!

கேரளத்தில் 1969-ஆம் ஆண்டிலேயே ஆட்சிமொழிச் சட்டம் ஒன்று வந்தது. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்றது. ஓடிபிக்கு அந்தச் சட்டம் தெரியாது. சித்தூரிலும் தேவிகுளத்திலும் இருக்கிற வங்கிக்காரர்களும் அலுவலகத்தாரும் அந்த ஒற்றை வரி எச்சரிக்கையைத் தமிழில் அனுப்பினால் புண்ணியமாகப் போகும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து அனுப்பட்டும். அதுவரை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மாமா போனை நீட்டினால் படித்துச் சொல்லுங்கள். ஓடிபி எண்ணை மட்டும் உரக்கப் படிக்காதீர்கள்.