செயலிக்குப் பின்னால் யார்?

கேள்வி: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்துவிட்டது. கைப்பேசிச் செயலி தினமும் 10,000 அடி நடக்கச் சொல்கிறது. பாதிகூட முடியவில்லையே?
– வாசகி, புக்கிட் தெங்கா

பதில்: பாதியே நல்ல கணக்குதான், அம்மா. 10,000 என்பது 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்கப் பிறந்த எண். வயதான அமெரிக்கப் பெண்களிடம் நடந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு, 2,700 அடி நடந்தவர்களிடையே இருந்ததைவிடத் தெளிவாகக் குறைவு. இலக்கைக் குறைத்து வையுங்கள். களைப்பான நாளில் இலக்கைக் குறைக்கவிடாத செயலி உங்களுக்கானதல்ல, அழித்துவிடுங்கள்.

கேள்வி: புற்றுநோய்ச் சிகிச்சையில் இவ்வளவு பட்ட உடம்புக்கு ஓய்வுதானே நல்லது?
– வாசகர், ஜூரு

பதில்: அசைவும் வேண்டும், ஐயா. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடந்த ஆய்வு 2025இல் வெளியானது. மூன்றாண்டுகள் பயிற்றுநர் துணையோடு உடற்பயிற்சி செய்தவர்களில் 100க்கு 90 பேர் எட்டாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். கையேடு மட்டும் வாங்கியவர்களில் 83 பேர். அறிவுரை இரு தரப்புக்கும் கிடைத்தது. கூட நிற்க ஆள் கிடைத்தது ஒரு தரப்புக்குத்தான். உங்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: இட்லி, ரொட்டி சானாய் எதைத் தேடினாலும் உணவுச் செயலியில் சரியாக வருவதில்லை. கலோரியை எப்படி எண்ணுவது?
– வாசகி, பிறை

பதில்: எண்ண வேண்டாம். நம் மலேசியச் சுகாதார அமைச்சின் ‘சுக்கு-சுக்கு செப்பாரோ’ தட்டு போதும்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறி, பழம். “இன்று தட்டில் பாதி காய்கறியும் பழமுமா?” என்று தமிழில் பேசிக் கேட்கும் செயலி எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் உதவும். சிகிச்சையில் மிகவும் மெலிந்தவர் உணவியலாளரைப் பார்ப்பதே சரி.

கேள்வி: என் நோய் விவரத்தைச் செயலியிடம் சொல்லலாமா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: யாரிடம் போகிறது என்று தெரிந்தால் சொல்லலாம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரத்தைத் தனிக் கவனத்துக்குரியதாக வைத்திருக்கிறது. நிறுவனங்கள் வெளிப்படையான சம்மதம் கேட்டாக வேண்டும். சம்மதப் பக்கம் புரியாவிட்டால் கையொப்பம் வேண்டாம்.

கேள்வி: புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்காகச் செயலி உருவாக்கும் மாணவன் நான். முதலில் எதைச் செய்ய வேண்டும்?
– வாசகர், பத்து காவான்

பதில்: கீமோவுக்குப் பின் விரல் நுனி மரத்துப்போகலாம், பொத்தானைப் பெரிதாக வையுங்கள், தம்பி. மறதி வரலாம், ஒரு திரையில் ஒரே கேள்வி போதும். ஆனால் முதல் வேலை வேறு. நியூயார்க்கில், முற்றிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்ட 766 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. கணினி வழியே தங்கள் உபாதைகளைத் தெரிவித்தவர்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். உபாதை கடுமையானதும் செய்தி ஒரு தாதிக்குப் போனது. அவர் நடவடிக்கை எடுத்தார். அந்தத் தாதியை முதலில் தேடுங்கள். திரையின் நிறத்தை அப்புறம் முடிவு செய்யலாம்.