இருநூறாம் நம்பர் சேனல்

கொரோனா ஊரடங்கு நாட்களில் திருச்சி அரியமங்கலத்தில் ஆன்லைன் வகுப்பு கேட்பதற்குத் தனித் தகுதி ஒன்று வேண்டியிருந்தது: மூச்சடக்கத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மொட்டை மாடியில் அமோகமாகக் கிடைக்கும். ஆனால் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு புகையும் நாளில் காற்று எங்கள் தெருப் பக்கம் திரும்பிவிட்டால் மாடியில் நிற்க முடியாது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு கீழே உட்கார்ந்தாலோ, டீச்சர் பாதி வாய் திறந்தபடி உறைந்துபோவார். 2020-ல் ஆறாம் வகுப்புக்கு வந்திருந்த என் மகனுக்கு இது தெய்வம் தந்த வரம். 'புகை மிஸ்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் வேலை முடிந்தது. காற்று எதிர்ப்பக்கம் அடித்த நாட்களிலும் அவனுக்கு மட்டும் புகைந்தது.

படிப்பில் ஆர்வம் வரட்டும் என்று ஒரு கல்விச் செயலியை இறக்கிக் கொடுத்தோம். சரியான விடைக்கு ஒரு நட்சத்திரம், கைதட்டல். தப்பான விடைக்கும் 'அருமையான முயற்சி!' உண்டு. நான் படித்த காலத்தில் கணக்கு வாத்தியார் 'ம்' என்று சொல்லி நோட்டைத் திருப்பித் தந்தாலே வீட்டில் பாயசம் வைப்பார்கள். இவன் மாற்றி மாற்றி அழுத்தியே நட்சத்திரங்களைக் குவித்தான். ஒருநாள் கேட்டேன்: "அரையும் முக்காலும் சேர்ந்தா எவ்வளவுடா?"

"ஆப்ஷன் சொல்லுப்பா."

பாடப் புத்தகத்தில் 2018-லிருந்தே கியூஆர் கோடு உண்டு. அதைப் போனில் காட்டினால் பாடம் வீடியோவாக வரும். அவன் காட்டியதைப் பார்த்த என் அம்மா, அதாவது அவனுடைய அப்பாயி, "எவ்வளவுடா கட்டணும்?" என்று சுருக்குப் பையை அவிழ்த்தார்.

இந்த அப்பாயிதான் கடைசியில் கல்வித் தொலைக்காட்சியிடம் மாட்டினார். 2019 ஆகஸ்டில் ஆரம்பித்த சேனல். அரசு கேபிளில் 200. ஊரடங்கில் சீரியல் படப்பிடிப்பெல்லாம் நின்று, பார்த்த கதையே மறுபடி ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. பேரனுக்காகப் போட்ட டிவி முன் பேரன் தூங்க, அப்பாயி விழித்திருந்தார். சீரியல்கள் திரும்பி வந்தன, அப்பாயி திரும்பவில்லை. பரீட்சை கிடையாது, நட்சத்திரம் கிடையாது, எந்த வகுப்புப் பாடமானாலும் சம்மதம். வில்லி இல்லாத குறை மட்டும் இருந்தது. அதையும் ஆங்கிலேயர் வரலாறு வந்து தீர்த்துவைத்தது.

பிறகுதான் வினை ஆரம்பித்தது. "ஏன்டா, செடியும் மூச்சு விடுதாம்ல? மூக்கு எங்கடா இருக்கு அதுக்கு?" டிவியிடம் திருப்பிக் கேட்க முடியாது, பேரனைப் பிடித்துக்கொண்டார். "தெரியாதா? அப்ப பள்ளிக்கூடத்துல என்னத்தக் கிழிக்கிற?" கைதட்டலுக்கெல்லாம் அசையாதவனுக்கு ரோஷம் வந்து, புத்தகத்தைத் தூசி தட்டி இலைத்துளையைத் தேடி எடுத்தான். கொல்லையில் ஒரு முருங்கை இலையைக் கிள்ளி வந்து, கண்ணுக்கே தெரியாத துளையை, கண்புரை ஆபரேஷன் ஆன அப்பாயிக்கு அரைமணி நேரம் காட்டினான். அவரும் தெரிகிறது என்றே சொன்னார்.

2021 அக்டோபரில் அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் வந்தது. அடுத்த தெருத் திண்ணையில் ஒரு தன்னார்வலப் பெண் சாயங்காலம் பாடம் எடுக்க, கூட்டாளிகள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள் என்று இவன் சொல்லாமலே ஓடினான். சிக்னல் தேவையில்லை, புகை என்றும் புளுக முடியாது. பின்னாலேயே பாயைச் சுருட்டிக்கொண்டு அப்பாயியும் போனார்.

"பாட்டி, இது ஒண்ணாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் படிக்கிறவங்களுக்குத்தான் பாட்டி."

அப்பாயி பாயை விரித்து உட்கார்ந்தார்.

"நான் அஞ்சாவதுதாம்மா."