ஃபோர் பை ஃபோர் பார்க்கிறவர்

ஃபோர் பை ஃபோர் பார்க்கிறவர் சென்னை, கோவை, திருப்பூர் வட்டாரங்களில் பரவலாகக் காணப்படுகிறார். வயது முப்பத்தைந்துக்கு மேல், ஐம்பதுக்குள். வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அதன் கடனில் சில தவணைகள் பாக்கி இருக்கும். மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து அவ்வப்போது வந்து தங்கும் பெற்றோர் அல்லது மாமனார் மாமியார் என்று குடும்பம் அளவானது. காடு, மலை, ஆறு எல்லாவற்றிலும் ஏறி இறங்க வேண்டும். அதே வண்டி அம்மாவைக் கண் டாக்டரிடமும் மகளைப் பாட்டு கிளாஸுக்கும் கூட்டிப்போக வேண்டும். அப்படி ஒரு நாலு சக்கர இழுவை வண்டியை இவர் தேடுகிறார். தேடல் ஆறு மாதத்தில் முடிவதும் உண்டு. பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வரும்வரை நீள்வதும் உண்டு.

ஆசை பிறக்கும் இடம் பெரும்பாலும் கொழுக்குமலை. தேனி மாவட்டத்தில் ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு, கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் ஜீப்பில் விடியுமுன் ஏற்றிப் போவார்கள். பாதை என்று சொல்லப்படுவதில் பாதி பாறை. பின்சீட்டில் இருப்பவர்கள் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடுவார்கள். உச்சியில் சூரிய உதயம் பார்த்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இறங்குவதற்கும் இதே வழிதானா என்பது. ஒருவர் மட்டும் முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவரின் கையையும் காலையும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு வருவார்.

"அண்ணே, இப்ப லோ ரேஞ்ச் போட்டீங்களா?"

"ரெண்டாவது கியர் போட்டேன் சார்."

டிரைவர் தலையில் மஃப்ளர் சுற்றியிருப்பார். அவருடைய பழைய மஹிந்திரா ஜீப்பின் டேஷ்போர்டில் உயிரோடு இருக்கும் முள் ஒன்றுகூடக் கிடையாது. அந்த வண்டியை அவர் தேர்ந்தெடுக்கவும் இல்லை. முதலாளி சாவியைக் கொடுத்தார், அவர் ஏறி உட்கார்ந்தார். இந்த விவரம் மட்டும் முன்சீட்டுக்காரர் மனத்தில் பதிவதில்லை.

ஊர் திரும்பியதும் படிப்பு தொடங்குகிறது. எஞ்சினின் விசை ஒரு ஜோடிச் சக்கரத்துக்கு மட்டும் போனால், அதில் ஒன்று சேற்றில் வழுக்கியதும் விசை முழுக்க அந்த வழுக்கும் சக்கரத்திலேயே வீணாகும், வண்டி நகராது என்று தெரிந்துகொள்கிறார். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி விசையை முன்னச்சுக்கும் பகிர்ந்து தருகிறது. லோ ரேஞ்ச் போட்டால் வேகம் குறைந்து இழுவை இரண்டு, இரண்டரை மடங்கு கூடுகிறது. காய்ந்த தார் ரோட்டில் மட்டும் நான்கு சக்கர இழுவையைப் போட்டு வளைக்கக் கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும். இரண்டு அச்சுகளும் பிணைந்திருப்பதால் இறுக்கம் ஏறி ஸ்டீயரிங் முரண்டு பிடிக்கும். எல்லாம் சரியான தகவல்கள். ஆனால் கேட்பதற்கு ஆள் வேண்டுமே.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் மேஜையில் வகுப்பு நடக்கும். சாம்பார் வாளி பாறை; வடைகள் சக்கரம்; அவற்றின் மேல் சாய்த்து வைத்த மெனு கார்டு வண்டியின் மூக்கு. முன்சக்கரம் தொடுவதற்குள் பம்பர் முட்டிவிடாமல் எவ்வளவு செங்குத்தாக ஏறலாம் என்பதுதான் அப்ரோச் ஆங்கிள். மூன்று கதவு மஹிந்திரா தாரில் அது நாற்பது டிகிரிக்கு மேல், மாருதி ஜிம்னியில் 36 என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே மகன் முன்சக்கரத்தைத் தின்றுவிடுவான். மனைவி பில்லைக் கேட்பார்.

வரலாறும் இவருக்குத் தெரியும். 1941இல் அமெரிக்கப் படைக்காக வந்த வில்லிஸ் ஜீப், அதை இங்கே பூட்டி விற்று வண்டித் தொழிலில் இறங்கிய மஹிந்திரா, 1985இல் வந்து ராணுவத்தில் சேர்ந்த மாருதி ஜிப்சி என்று வரிசையாகச் சொல்வார். பழைய சினிமாவில் ஜீப்பில் வந்து இறங்கியவர்கள் பண்ணையாரும் போலீஸ் இன்ஸ்பெக்டரும்தான் என்பதை அவர் சொல்வதில்லை. அந்த ஆசையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு.

கடைக்கு வந்தால் உண்மையில் தேர்வு சின்னது. லோ ரேஞ்சோடு, சம்பளக்காரர் கைக்கு எட்டும் விலையில் இந்தியாவில் கிடைக்கும் வண்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் இவர் பட்டியலில் நிற்பவை நாலு: 2020 அக்டோபரில் புது உருவில் வந்த மூன்று கதவுத் தார், 2023 ஜூனில் வந்த ஐந்து கதவு ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா, 2024 ஆகஸ்டில் வந்த தார் ராக்ஸ். இந்த நாலு பெயரை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டு யோசிக்க முடியும் என்பதுதான் இவருடைய தனித்திறமை. கூர்க்காவுக்கு முன்னும் பின்னும், ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதைச் சுழல வைக்கும் டிஃபரன்ஷியல் லாக் உண்டு. மூச்சுக்குழல் பொருத்தி 700 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும். அதைப் பார்த்ததும் வீட்டில் வரும் ஒரே கேள்வி, "இது ஆம்புலன்ஸா?" ஜிம்னி எடை குறைந்தது, சந்துகளில் நுழையும், பாறையில் ஆட்டுக்குட்டி போல ஏறும். ஆனால் நாலு பேர்தான் உட்காரலாம். பின்சீட்டை மடக்காவிட்டால் சாமான் வைக்க 208 லிட்டர் இடம்தான். ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டை, தேங்காய், அம்மா கட்டித் தரும் ஊறுகாய் ஜாடி, திரும்பி வரும்போது ஏறிக்கொள்ளும் அத்தை ஆகியவை இந்தக் கணக்கில் வராது.

மூன்று கதவுத் தாரின் விதி ஷோரூமில் தீர்மானமாகிறது. பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி, ஒரு காலைத் தூக்கி வைத்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நுழைய வேண்டும். தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் 226 மில்லிமீட்டர் உயரம். அதற்கும் மேலேதான் படியேறும் இடம். பட்டுப்புடவையும் மூட்டுவலியும் சேர்ந்த ஒருவர் இதைச் செய்து முடிக்கும்வரை விற்பனைப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பான். மாமியார் பாதி ஏறிய நிலையில் நின்று, மிகுந்த மரியாதையோடு சொல்வார்:

"நீங்க முன்னாடி போங்க மாப்பிள்ளை. நான் பின்னாடியே பஸ்ல வந்துர்றேன்."

அப்பாவின் பங்களிப்பு ஒரே கேள்வி: "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" பதில் வந்ததும் டிவிஎஸ் ஃபிஃப்டியில் நாலு பேர் திருச்செந்தூர் போய் வந்த கதை ஆரம்பமாகும்.

2023 ஜனவரியில் இவருக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. தாரிலேயே பின்சக்கர இழுவை மட்டும் உள்ள வகை, ஷோரூம் விலை 9.99 லட்சத்தில் தொடங்கி வெளிவந்தது. வெளித்தோற்றம் அச்சு அசல் அதே வண்டி. மனைவி இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தானேங்க இருக்கு? இதையே வாங்கிடலாமே" என்பார். இவர் அன்று இரவு சரியாகச் சாப்பிட மாட்டார்.

மனைவி சொன்னதில் நியாயம் உண்டு. மண்பாதை ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போகும் வாழ்க்கைக்கு, தரை இடைவெளி அதிகமுள்ள சாதாரண வண்டியும் நல்ல டயரும் தாராளம். சேற்றில் முதலில் காப்பாற்றுவது டயரின் பிடிப்பு. அடுத்து அடிப்பாகத்தின் உயரம், அதற்கடுத்து ஓட்டுகிறவரின் நிதானம். நாலு சக்கர இழுவை அதற்குப் பிறகுதான் வேலைக்கு வருகிறது. அது வண்டியைக் கிளப்ப உதவும். பிரேக் பிடிக்கும்போது ஒரு அடிகூட முன்னதாக நிறுத்தாது. மணலில் டயர் காற்றைக் குறைத்தாலே வழவழப்பான டயர்கூட நகர்ந்துவிடும். இவை எல்லாம் இவருக்கும் தெரியும். தெரிந்தும் வேண்டும் என்பதைத்தான் ஆசை என்கிறார்கள்.

எங்கே ஓட்டுவது என்ற கேள்வியை இவர் கூடுமானவரை ஒத்திப்போடுவார். கேட்டால் கொல்லிமலை, வால்பாறை என்பார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறையின் 40 வளைவுகளிலும் அரசுப் பேருந்து தினமும் ஏறுகிறது. அதற்கு வெறும் பின்சக்கர இழுவைதான். கண்டக்டர் நின்றுகொண்டே டிக்கெட் கிழிக்கிறார். தார் போடாத பாதைகள் பெரும்பாலும் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் அங்கே நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். யானை நடமாடும் வழியில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு போவது சட்டம் தடுக்காவிட்டாலும் புத்திசாலித்தனம் ஆகாது. மிச்சம் இருப்பவை ஆஃப்ரோடு கிளப்காரர்கள் பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் தனியார் மேடு பள்ளங்கள், வறண்ட ஏரி, பங்காளியின் தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடம். கடைசியாகச் சொன்னதில் முப்பது வருஷமாக மாருதி எண்ணூறு போய் வந்துகொண்டிருக்கிறது.

முடிவு வருவது எப்போதும் வேறு காரணத்தால். போனஸ் வந்திருக்கும், பழைய காருக்கு நல்ல விலை கேட்டிருப்பார்கள், அல்லது ஆபீஸில் ஜூனியர் ஒருவன் வாங்கியிருப்பான். மூன்றாவது காரணத்தால் எடுக்கப்படும் முடிவு ஒரு வாரத்துக்கு மேல் தாமதமாவதில்லை. இப்போது ஐந்து கதவு உள்ள ராக்ஸ் இருப்பதால் மாமியார் பிரச்சினை பாதி தீர்ந்தது. நாலு சக்கர இழுவை அதில் டீசலுக்கு மட்டும், அதுவும் மேல்வகைகளில் என்பதால் தவணை ஏழு ஆண்டுக்கு நீண்டது.

டெலிவரி எடுத்ததும் வண்டி, சென்னைக்காரர் என்றால், பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்குப் போகிறது. மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி உடைத்து, டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைப்பார்கள். எந்தப் பாறையிலும் ஏறும் வண்டி தன் முதல் தடையாக நாலு எலுமிச்சம்பழத்தை வெற்றிகரமாகக் கடக்கும். அன்றைக்கே வீட்டு வாசலில் அம்மா ஏற முடியாமல் நிற்பதால், மறுநாள் இரண்டு பக்கமும் ஃபுட் ஸ்டெப் மாட்டப்படும். மெனு கார்டை வைத்து நடத்திய பாடம் இங்கே வீணாகிறது: அடிப்பாகத்தின் உயரத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வண்டியின் நடுப்பகுதியை, படி வந்து கீழே இறக்கிவிடுகிறது. மேட்டின் உச்சியில் முதலில் உரசப்போவது அந்தப் படிதான். ஏறப்போகும் மேடு அபார்ட்மென்ட் கார் பார்க்கிங் சரிவு என்பதால் பாதகமில்லை.

அடுத்தது உபகரணங்கள். முன்பக்க இரும்பு புல் பாருக்கு 2017 டிசம்பரில் மத்திய அரசு தடை விதித்துவிட்டதால், அந்தக் காசு மற்றவற்றுக்குத் திரும்புகிறது. இழுவைப் பட்டை, ஷேக்கிள், மடக்கும் மண்வெட்டி, காற்றடிக்கும் கம்ப்ரசர். கம்ப்ரசர் கட்டிடத்தில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் சைக்கிளுக்கும் ஃபுட்பாலுக்கும் பயன்படுவதால், இந்தப் பட்டியலில் போட்ட முதலை மீட்டுக் கொடுக்கும் ஒரே பொருள் அதுதான். மண்வெட்டியை வாட்ச்மேன் செடிக்குக் கேட்டு வாங்கிப்போவார், திரும்பி வராது. நாலு சக்கர இழுவையை அவ்வப்போது போட்டு ஓட்டாவிட்டால் இறுகிப்போகும் என்ற நியாயமான கவலையில், ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பெரும்பாக்கம் பக்கம் காலி மனை ஒன்றில் இவர் மெதுவாக எட்டுப் போடுவதைக் காணலாம். மாடுகள் எழுந்து இடம் விடும்.

சென்னையில் வாழ்பவருக்கு நியாயம் கிடைக்கும் மாதங்கள் நவம்பரும் டிசம்பரும். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். இவர் வண்டி மட்டும் கீழே நிற்கும். தாருக்கு 650 மில்லிமீட்டர் தண்ணீர்வரை அனுமதி என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல்முறையாக ஆர்வத்தோடு கேட்பார்கள். அந்த அளவு ஓடாத தண்ணீருக்கு, ஊர்ந்து போகும் வேகத்துக்கு. திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடைக்கு எந்தக் கம்பெனியும் அளவு சொல்லியதில்லை. ஆகவே இவர் துடைப்பக் குச்சியில் முழங்கால் மட்டத்துக்குக் கோடு போட்டு, மகனை விட்டு அளக்கச் சொல்லி, முதல் கியரில் அலை எழுப்பாமல் போய் பால் பாக்கெட்டும் ரொட்டியும் மாத்திரையும் வாங்கி வருவார். இரண்டாவது மாடி மாமி, "நல்ல வண்டி வாங்கியிருக்கேள்" என்பார். மைலேஜ் கேட்ட அப்பாவும் அன்று ஊருக்குப் போன் போட்டுப் பெருமை பேசுவார்.

மற்ற பத்து மாதங்களில் வண்டி பள்ளிக்கூடம், மளிகை, முகூர்த்தம் என்று ஓடுகிறது. இவரோ ஆலோசகர் ஆகிவிடுகிறார். "மச்சான், ஃபோர் பை ஃபோர் எடுக்கலாமா?" என்று கேட்பவர்களிடம், கட்டாயம் எடு, ஆனால் முதலில் வீட்டில் எல்லாரையும் ஏற்றி இறக்கிப் பார் என்பார். இவரிடமிருந்து வரும் ஒரே அனுபவ ரீதியான அறிவுரை அதுதான்.

நாலைந்து ஆண்டில் புதிதாக வேறொன்று வரும். பழையதை விற்க விளம்பரம் எழுதுவார். ஒரே ஓனர், கம்பெனி சர்வீஸ், டயர் எழுபது சதவீதம், ஆஃப்ரோடு போகாத வண்டி. வாங்க வருகிற புரோக்கர் குனிந்து அடிப்பாகத்தில் டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒரு கீறல் இருக்காது. அதற்காகவே பதினைந்தாயிரம் ரூபாய் கூட்டிக் கொடுப்பார்.